வங்கிப் பக்கம்: கேட்காமல் வந்த கார்டு

இந்த முறை கடலூர், புதுச்சேரிப் பகுதியிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சங்கதியைப் பற்றியவை. தமக்குத் தெரியாத ஒரு கார்டைப் பற்றி வங்கியின் பெயரில் கைபேசிக்கு ஒரு செய்தி வருகிறது. அதை நம்புவதா, தள்ளிவிடுவதா என்று புரியவில்லை. அவற்றில் நான்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயரையும், குறை சொல்லப்பட்ட வங்கிகளின் பெயரையும் விட்டுவிட்டேன். பணம் சம்பந்தப்பட்ட கடிதத்துக்கு ஊர்ப் பெயர் போதும்.

கேள்வி: ஐயா, வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மஞ்சக்குப்பத்தில் தனியாக வசிக்கிறேன். எனக்கு ஓய்வூதியம் வரும் வங்கியின் பெயரில் சென்ற மாதம் ஒரு குறுஞ்செய்தி வந்தது. 4417 என்று முடியும் கிரெடிட் கார்டு எனக்கு அனுப்பப்பட்டுவிட்டதாக அதில் இருந்தது. நான் கிரெடிட் கார்டு கேட்டதே இல்லை. மறுநாள் காலை ஒருவர் தொலைபேசியில் நல்ல தமிழில் பேசினார். “கார்டு வேண்டாமென்றால் ரத்து செய்துவிடலாம் அம்மா, இப்போது வரும் ஆறு இலக்க எண்ணை மட்டும் சொல்லுங்கள்” என்றார். எண்ணும் வந்தது. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். எண்ணுக்குப் பின்னால், கார்டைச் செயல்பாட்டுக்குக் கொண்டுவருவதற்கான எண் என்று ஆங்கிலத்தில் இருந்தது. உடனே தொடர்பைத் துண்டித்துவிட்டேன். கார்டு இதுவரை வீட்டுக்கு வரவில்லை. இது மோசடியா? நான் பேசாமல் இருந்துவிட்டால் பில் வருமா?

பதில்: அம்மா, நீங்கள் கண்ணாடியைத் தேடி எடுத்தது நல்லதாகப் போயிற்று. ரத்து செய்வதாகச் சொல்லி அவர் உங்களிடம் வாங்கப் பார்த்தது, கார்டை உயிர்ப்பிக்கும் எண். ஓடிபி என்பதைக் கடவுச்சொல் என்று நாம் மொழிபெயர்த்துப் பழகிவிட்டோம். முதல் நாளிலிருந்தே கையொப்பம் என்று சொல்லியிருந்தால் இத்தனை பேர் ஏமாந்திருக்க மாட்டார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசியில் கேட்டார் என்பதற்காக யாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதில்லை.

மோசடியா என்று கேட்டிருக்கிறீர்கள். வந்த அழைப்பு மோசடி என்பதில் எனக்கு ஐயமில்லை. செய்தியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. வங்கியே உங்களைக் கேட்காமல் ஒரு கார்டை அனுப்பியிருக்கலாம். வேறு யாரோ உங்கள் ஆதாரையும் பான் எண்ணையும் வைத்து உங்கள் பெயரில் விண்ணப்பித்திருக்கலாம். செய்தியே போலியாகவும் இருக்கலாம். கைபேசித் திரையைப் பார்த்துக்கொண்டே இந்த மூன்றில் எது என்று கண்டுபிடிக்க முயல்வதில்தான் பலர் தவறுகிறார்கள். செய்தி எதுவாக இருந்தாலும், அது காட்டும் வழியில் போகாதீர்கள். அதில் உள்ள இணைப்பு, அதில் உள்ள தொலைபேசி எண், அதைத் தொடர்ந்து வரும் அழைப்பு மூன்றையும் ஒதுக்கிவிட்டு, அந்தச் செய்தி வருவதற்கு முன்பே உங்கள் கையில் இருந்த வழியில் வங்கியை அணுகுங்கள். பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் கிளையின் எண் இருக்கும், ஏடிஎம் கார்டின் பின்பக்கத்தில் வாடிக்கையாளர் சேவை எண் இருக்கும். மஞ்சக்குப்பத்தில் இருக்கும் உங்களுக்குக் கிளைக்கே ஆட்டோவில் போய்வருவதும் பெரிய காரியமல்ல.

இருந்தாலும் செய்தியைப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. வங்கியின் அறிவிப்புச் செய்தி சாதாரணப் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வராது. எழுத்துகளால் ஆன ஒரு தலைப்பிலிருந்துதான் வரும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025இல் கொண்டுவந்த மாற்றத்தின்படி அந்தத் தலைப்பின் கடைசியில் ஒரு சிறு கோட்டுக்குப் பின் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும்: பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. உங்களுக்குக் கார்டு அனுப்பப்பட்டுவிட்டதாகச் சொல்லும் செய்தி பி என்று முடிந்தால் அது விளம்பரத்துக்காக இட்ட தூண்டில் என்று சந்தேகிக்கலாம். இணைப்பு இருந்தால் அதன் முகவரியைத் தொடாமல் பாருங்கள். 2025 அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் தங்கள் இணையதளத்தை பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது. அப்படி முடியாத முகவரியில் உங்கள் விவரம் எதையும் தட்டச்சு செய்ய வேண்டாம். அதேசமயம், தலைப்பு சரியாக இருப்பதாலேயே செய்தியும் சரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்; தலைப்பையும் போலியாகக் காட்டும் கருவிகள் இருக்கின்றன.

பில் வருமா என்ற கேள்விக்கு வருகிறேன். கேட்காத கார்டை அனுப்பக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2022 ஏப்ரல் 21 அன்று வெளியிட்டு அதே ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த கார்டு நெறிமுறைகளில் இது தெளிவாக இருக்கிறது. வாடிக்கையாளரின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் கார்டு கொடுத்து, அதற்குக் கட்டணமும் வசூலித்தால், வங்கி அந்தத் தொகையைத் திருப்பிவிடுவதோடு அதைப்போல் இரு மடங்கை அபராதமாக வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். அப்படி அனுப்பிய கார்டு வழியில் களவுபோய் வேறு யாராவது அதைப் பயன்படுத்தினாலும் இழப்பு வங்கியுடையது. கார்டு கொடுத்து 30 நாளுக்கு மேலாகியும் வாடிக்கையாளர் அதைச் செயல்படுத்தவில்லை என்றால், வங்கி ஓடிபி வழியாக ஒப்புதல் கேட்க வேண்டும். ஒப்புதல் கிடைக்காவிட்டால், கேட்ட நாளிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் செலவின்றி அந்தக் கணக்கை மூட வேண்டும். உங்களிடம் பேசியவர் அந்த எண்ணுக்காக ஏன் அவ்வளவு மெனக்கெட்டார் என்பது இப்போது விளங்கும். அதைச் சொல்லியிருந்தால், கேட்காத கார்டு கேட்டு வாங்கிய கார்டாக ஏட்டில் ஏறியிருக்கும்.

விதி இப்படி உங்கள் பக்கம் இருக்கும்போது பேசாமல் இருந்துவிடலாமே என்று தோன்றும். கூடாது என்பேன். அனுப்பியதாகச் சொல்லும் கார்டு உங்கள் வீட்டுக்கு வரவில்லை என்கிறீர்கள். அப்படியானால் எங்கே போனது? கிளையில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: 4417 என்று முடியும் கார்டு எந்த முகவரிக்கு, எந்தக் கூரியரில், என்றைக்கு அனுப்பப்பட்டது? அப்படி ஒரு கார்டே இல்லை என்றால் செய்தி போலி, கவலை விட்டது. உங்கள் வீட்டு முகவரிதான் என்றால் வங்கியின் தவறு, ரத்து செய்யச் சொன்னால் போதும். கோயம்புத்தூரோ டெல்லியோ, உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஓர் ஊர் முகவரி என்றால் யாரோ உங்கள் பெயரில் விண்ணப்பித்திருக்கிறார்கள். அன்றைக்கே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் பதிய வேண்டும்.

வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். ஒரு தாளில் நான்கு வரி எழுதினால் போதும்: “4417 என்று முடியும் கிரெடிட் கார்டை நான் கேட்கவில்லை, எந்த வடிவிலும் ஒப்புதல் தரவில்லை. கார்டு என் கைக்கு வரவில்லை. அதை உடனே முடக்கி, கணக்கை மூடி, என் ஒப்புதல் என்று ஏதேனும் பதிவு இருந்தால் அதன் நகலைத் தரவும்.” இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் கிளை முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட வேண்டிய அலுவலர் சாப்பிடப் போயிருப்பார், காத்திருங்கள். கடைசி வரியில் உள்ள ஒப்புதல் நகலை நான் வேண்டுமென்றேதான் சேர்த்தேன். கணக்குத் திறக்கும்போதும் வைப்புத்தொகை போடும்போதும் பென்சிலால் குறியிட்ட இடங்களிலெல்லாம் கையெழுத்து வாங்குவார்கள். அந்தத் தாள்களுக்கிடையே கார்டு விண்ணப்பம் ஒன்றும் கலந்திருப்பதை, மார்ச் மாதக் கடைசி வாரங்களில் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் நானே பார்த்திருக்கிறேன். கைபேசிச் செயலியில் ‘முன்கூட்டியே அனுமதிக்கப்பட்ட கார்டு’ என்று மின்னும் பட்டையைப் பேரப்பிள்ளை விளையாட்டாகத் தட்டிவிடுவதும் உண்டு. எது நடந்தது என்று அந்த நகல் காட்டும்.

பிறகு உங்கள் பெயரில் உள்ள கடன்களையும் கார்டுகளையும் காட்டும் சிபில் அறிக்கையை ஒருமுறை பாருங்கள். கடன் விவர நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். செயல்படுத்தாத கார்டை வங்கி அங்கே பதியக் கூடாது. பதிந்திருந்தால் அந்த நிறுவனத்திடமும் வங்கியிடமும் நீக்கச் சொல்லி எழுதுங்கள். நீங்கள் கேட்காத வேறு கடனோ கார்டோ அதில் இருந்தால் அதுவும் அங்கேயே தெரிந்துவிடும்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் வழி கேட்டுக்கொள்ளலாம். அப்போது முத்திரை போட்ட அந்தப் பிரதி தேவைப்படும்.

கேள்வி: நான் பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்கிறேன். டிபிஎஸ் என்ற வங்கியிலிருந்து என் டெபிட் கார்டு பற்றிச் செய்தி வருகிறது. அந்த வங்கிப் படியை நான் மிதித்ததே இல்லை. பல வருடம் முன்பு லட்சுமி விலாஸ் வங்கியில் ஒரு கணக்கு வைத்திருந்தேன். அதையும் இப்போது பயன்படுத்துவதில்லை.

பதில்: உங்கள் கேள்வியின் கடைசி வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பர் 27 அன்று டிபிஎஸ் இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. உங்கள் பழைய கணக்கும் அதனுடன் போயிருக்கிறது. இதே போல அலகாபாத் வங்கிக் கணக்குக்காரருக்கு இந்தியன் வங்கியிலிருந்தும், சிண்டிகேட் வங்கிக்காரருக்குக் கனரா வங்கியிலிருந்தும், ஆந்திரா வங்கி, கார்ப்பரேஷன் வங்கிக்காரருக்கு யூனியன் வங்கியிலிருந்தும் செய்தி வரும். அவை இணைந்தது 2020 ஏப்ரல் 1. சிட்டி வங்கியின் கார்டுகள் 2023 மார்ச் 1 முதல் ஆக்சிஸ் வங்கியுடையவை. ஆனால் வங்கி இணைப்பைச் சாக்காக வைத்துக் கேஒய்சி என்னும் அடையாள விவரங்களைப் புதுப்பிக்கச் சொல்லும் போலிச் செய்திகளும் உண்டு என்பதால், பழைய பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். வேண்டாத கணக்கு என்றால் மூடிவிடுங்கள். பயன்படுத்தாத கணக்கும் அதன் கார்டும் உங்கள் பெயரில் கிடப்பதால் ஒரு லாபமும் இல்லை.

கேள்வி: அரியாங்குப்பத்தில் மின்பணி செய்கிறேன். மூன்று மாதம் முன்பு புது சிம் வாங்கினேன். அது முதல், எனக்குக் கணக்கே இல்லாத ஒரு வங்கியிலிருந்து, ஏதோ ஒரு டெபிட் கார்டில் பணம் எடுத்ததாகச் செய்தி வருகிறது. சென்ற வாரம் ஓடிபியும் வந்தது. அரை மணி கழித்து ஒருவர் அழைத்து, “தம்பி, இது என் பழைய நம்பர், அந்த ஓடிபியைக் கொஞ்சம் சொல்லுங்கள்” என்று கெஞ்சினார். சொல்லவில்லை. பாவம் உண்மையாகவே அவருடைய எண்ணோ என்று மனசு கேட்கவில்லை.

பதில்: அவருடைய எண்ணாகவே இருக்கலாம். துண்டிக்கப்பட்ட கைபேசி எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்கு நிறுவனங்கள் கொடுக்கலாம். பழையவர் வங்கியில் எண்ணை மாற்றாமல் விட்டிருந்தால் அவருடைய கணக்குச் செய்தியெல்லாம் உங்களுக்கு வரும். அப்போதும் நீங்கள் சொல்லாதது சரிதான். உண்மையான கணக்குக்காரருக்கு உங்கள் உதவி தேவையில்லை. அவர் கிளைக்குப் போய் அடையாளத்தைக் காட்டி எண்ணை மாற்றிக்கொள்ள முடியும். அதைச் செய்யாமல் உங்களிடம் கெஞ்சுகிறவர் யாராக இருந்தாலும், அந்த ஓடிபி போய் எதில் முடியும் என்று உங்களால் அறிய முடியாது. மறுபடி அழைத்தால் கிளைக்குப் போகச் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது, அந்த வங்கியின் ஏதாவது ஒரு கிளைக்குப் போய், இந்த எண் இப்போது உங்களுடையது, பழைய வாடிக்கையாளரின் கணக்கிலிருந்து நீக்குங்கள் என்று சிம் வாங்கிய ரசீதைக் காட்டி எழுதிக் கொடுப்பது. கணக்கு யாருடையது என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. உங்கள் பான் எண்ணில் அங்கே கணக்கு ஏதும் உண்டா என்று மட்டும் கேளுங்கள். அப்படிக் கேட்கச் சொல்வதற்குக் காரணம், பிறருடைய ஆவணங்களில் கணக்குத் திறந்து மோசடிப் பணத்தைக் கைமாற்றும் கூட்டம் இருக்கிறது. பின்னால் காவல்துறை தேடி வருவது ஆவணத்துக்கு உரியவரைத்தான். சேமிப்புக் கணக்கு சிபில் அறிக்கையில் வராது என்பதைப் பலர் அறிவதில்லை. வருமான வரித்துறை இணையதளத்தில் உள்ள ஏஐஎஸ் என்னும் ஆண்டுத் தகவல் அறிக்கையில், உங்கள் பான் எண்ணில் வங்கிகள் தெரிவித்த வட்டி விவரம் வங்கி வாரியாக இருக்கும். தெரியாத வங்கிப் பெயர் அதில் இருந்தால் விசாரியுங்கள்.

நீங்கள் விட்டுவிட்ட பழைய எண் இப்போது யாரிடம் இருக்கிறதோ! வங்கி, ஆதார், எரிவாயு, வருங்கால வைப்புநிதி எதிலாவது அது இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பாகூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன், சேமிப்புக் கணக்கு கடலூர்க் கிளையில் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை இரவு என் கணக்கிலிருந்து 27,400 ரூபாய், மூன்று தவணையாக, வெளிநாட்டு இணையதளங்களில் செலவானதாகச் செய்தி வந்தது. ஓடிபி எதுவும் வரவில்லை. செய்தியில் இருந்த கார்டின் கடைசி நான்கு எண் என் கார்டினுடையது அல்ல. வீட்டைக் குடைந்து பார்த்ததில், சென்ற வருடம் மாற்றிக் கொடுத்தபோது கழித்துப்போட்ட பழைய கார்டின் எண் அது. செவ்வாய்க்கிழமைதான் கிளைக்குப் போக முடிந்தது. “தாமதமாக வந்துவிட்டீர்கள்” என்றார்கள். போலீஸில் சொல்ல வேண்டுமென்றால் கடலூரா, புதுச்சேரியா?

பதில்: தாமதம் என்று சொன்னது தவறு. 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை, வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல் மூன்றாம் தரப்பால் பணம் போயிருந்தால், வங்கியின் செய்தி கிடைத்து மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு இழப்புப் பொறுப்பே இல்லை என்கிறது. செய்தி வந்த நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. உங்கள் கிளையின் வேலை நாள்தான் கணக்கு. சனி இரவு செய்தி வந்தது, ஞாயிறு விடுமுறை, திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு. நான்கு முதல் ஏழு வேலை நாள் ஆகியிருந்தாலும் உங்களைப் போன்ற சேமிப்புக் கணக்குக்காரரின் பொறுப்பு 10,000 ரூபாய்க்கு மேல் போகாது. இருந்தாலும் கிளை திறக்கும்வரை காத்திருந்தது பெரிய பிசகு. கார்டை முடக்கும் எண் இரவு பகல் இயங்குவது. அன்று இரவே கூப்பிட்டிருந்தால் மூன்றாவது செலவைத் தடுத்திருக்கலாம்.

உங்கள் விஷயத்தில் இதைவிட வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. புதுக் கார்டு கொடுத்தபோது பழையதை வங்கி முடக்காமல் விட்டிருந்தால் அது வங்கியின் குறைபாடு என்றே நான் கொள்வேன். வங்கியின் குறைபாடு என்றால் நீங்கள் என்றைக்குச் சொன்னீர்கள் என்பதே பொருட்டல்ல, முழு இழப்பும் அவர்களுடையது என்று அதே சுற்றறிக்கை கூறுகிறது. வாடிக்கையாளரின் தவறு என்றால் அதை மெய்ப்பிக்க வேண்டியதும் வங்கிதான். புகார் கொடுத்த பத்து வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாகவேனும் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஓடிபி வராததில் புதிர் ஒன்றுமில்லை. நம் நாட்டு இணையதளங்களுக்குத்தான் அந்தக் கட்டாயம். வெளிநாட்டு வணிகர்கள் பலர் கார்டு எண்ணையும் பின்பக்க மூன்று இலக்கத்தையும் மட்டுமே கேட்பார்கள். இப்போது கையில் உள்ள கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று செயலியில் பார்த்துவிடுங்கள். அதைத் திறக்கவும் மூடவுமான வசதியை வாடிக்கையாளர் கையில் கொடுத்தாக வேண்டும் என்று 2020இலேயே விதி வந்துவிட்டது. பழைய கார்டைக் கத்தரிக்கோலால் சில்லு வழியாக வெட்டிப் போடுங்கள்.

முள்ளோடையைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் காவல் நிலையக் குழப்பம் நியாயமானதுதான். 1930 நாடு முழுவதற்கும் பொதுவான எண். இணையத்தில் பதிவதென்றால் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் மாநிலம் கேட்கும் இடத்தில், நீங்கள் குடியிருக்கும் புதுச்சேரியைத் தேர்ந்தெடுங்கள். நேரில் போய், எல்லை எங்களுடையதல்ல என்று யாராவது திருப்பி அனுப்பினால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவைச் சொல்லுங்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிந்துகொள்ள வேண்டும் என்கிறது அது. புகாருக்குக் கிடைக்கும் ஒப்புகை எண்ணைக் கடலூர்க் கிளைக்கு எழுதும் கடிதத்தின் முதல் வரியிலேயே குறிப்பிட்டு, பழைய கார்டு என்றைக்கு முடக்கப்பட்டது என்ற தேதியை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள்.